பழைய ஜீப்பில் பழைய வின்ச்சு

வடம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்முள் பலருக்கு ஊர்த் தேர் கண்முன் வந்து நிற்கும். திருவாரூர் ஆழித் தேராயினும் சரி, சிற்றூர் மாரியம்மன் தேராயினும் சரி, வடம் பிடிப்போர் பலர். அவர்கள் எழுப்பும் ஆரவாரமும் பெரிது. ஆயினும் சக்கரத்தின் ஓரமாகக் குனிந்து நடந்து, தக்க நொடியில் முட்டுக்கட்டையைச் செருகும் சிலர் இல்லையேல் தேர் நிலைக்கு வந்து சேராது. இழுப்பதினும் தாங்குவதும் நிறுத்துவதும் அரியவை. இவ்வுண்மையை நாங்கள் தேரடியில் கற்கவில்லை; செகந்தராபாத்தைச் சேர்ந்த மாரெட்பள்ளியில், ஒரு பழைய ஜீப்பின் முன்னால் முழந்தாளிட்டு அமர்ந்து கற்றோம். அந்த அனுபவத்தையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறோம்.

மாரெட்பள்ளியை அறியாத அன்பர்களுக்காக ஓரிரு சொற்கள். 1806-ஆம் ஆண்டில் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்தராபாத் உருவாயிற்று. அங்கே அமைந்த பாசறையில் சென்னைப் படையின் பிரிவுகள் தங்கின. படையோடும், வணிகத்தோடும், பின்னர் இரயில்வேயோடும் தமிழர் பலர் அங்கு குடியேறினர். கிழக்கு, மேற்கு என இரு பகுதிகளாக விளங்கும் மாரெட்பள்ளியில் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. அருகிலுள்ள திருமலகிரியில் இராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் படைப்பிரிவினர் பயிற்சி பெறும் நிலையங்கள் இருக்கின்றன. சற்றுத் தெற்கே இராணிகஞ்சுக் கடைத்தெருவில் இரும்புத் தகடு, போல்ட்டு, சங்கிலி, கப்பி ஆகிய எல்லாம் கிடைக்கும். பழைய வண்டியைப் பழுது பார்க்க விரும்புவோனுக்கு இதனினும் வாய்ப்பான இடம் வேறு எது?

எங்கள் கையிலிருந்தது 1970-களில் வெளிவந்த மஹிந்திரா ஜீப். நண்பர்களாகிய எங்களுள் ஒருவரின் தந்தையார் தமிழ்நாட்டில் நெடுங்காலம் ஓட்டிய வண்டி. தந்தையார் மறைந்த பின் அதை விற்க மனம் வராமல் மகன் மாரெட்பள்ளிக்குக் கொண்டு வந்து சேர்த்தார். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை மற்றொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், முந்திய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று பெற்றுப் புதிய பதிவெண் வாங்க வேண்டும் என்பது சட்டம். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகளே செல்லும். அதன்பின் சோதனைக்கு உட்படுத்தி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். நண்பர் இவை யாவற்றையும் முறையாகச் செய்து முடித்தார். வண்டி வீட்டு வேப்ப மர நிழலில் வந்து நின்றது.

அவ்வாறிருக்கையில் வளைகுடா நாடொன்றில் பணி முடித்துத் திரும்பிய உறவினர் ஒருவர் ஒரு மரப்பெட்டியை எங்களிடம் ஒப்படைத்தார். உள்ளே இருந்தது ஒரு பழைய மின்சார வின்ச்சு. வின்ச்சு என்பது யாது? ஓர் உருளை, அதில் சுற்றிய உருக்குக் கம்பி வடம், உருளையை மெதுவாகவும் வலிமையாகவும் சுழற்றும் பற்சக்கரங்கள், அவற்றை இயக்கும் மோட்டார், சுமை பின்னோக்கி ஓடிவிடாமல் பிடிக்கும் பிரேக்கு. கிணற்று இராட்டினத்தின் நெருங்கிய உறவு என்றே கொள்ளலாம். இரண்டாம் உலகப் போரில் பாரவண்டிகளின் முகப்பில் இவை பொருத்தப்பட்டிருந்தன. வண்டியின் எஞ்சினிலிருந்தே தண்டு வழியாகச் சக்தி பெற்றுச் சுழன்ற வின்ச்சுகள் அவை. 1959-இல் அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் சிறு வண்டிகளுக்கு ஏற்ற மின்சார வின்ச்சைக் கொணர்ந்தது. பாட்டரியால் இயங்கும் அவ்வகையே பின்னர் எங்கும் பரவியது. எங்களிடம் வந்தது மோட்டார் நிமிர்ந்து நிற்கும் வகை. 8,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 3,630 கிலோ இழுவைக்கு உரியது என்று அதன் தகட்டில் பொறித்திருந்தது.

எங்கள் எண்ணம் எளியது. முன் பம்பரில் நான்கு துளை இட்டு, நான்கு போல்ட்டுப் பூட்டி, பாட்டரியிலிருந்து இரு கம்பிகள் இழுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் வேலை முடியும் என்று கருதினோம். தெருக்கோடியில் வாழும் பெரியவர் ஒருவர் அப்போது அவ்வழியே வந்தார். வேலூர்ப் பக்கத்தவர்; படையில் வண்டி பழுது பார்க்கும் பிரிவில் இருபதாண்டுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வின்ச்சை நோக்கினார், பம்பரை நோக்கினார், எங்களை நோக்கினார்.

"தம்பிகளே, இது எவ்வளவு இழுக்கும் என்று பார்த்துவிட்டீர்கள். எது இதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று பார்த்தீர்களா?" என்று வினவினார்.

நாங்கள் பம்பரைக் காட்டினோம்.

"பம்பர் இடி வாங்குவதற்கு வைத்தது, இழுவை தாங்குவதற்கு வைத்தது அன்று. மூவாயிரம் கிலோ இழுக்கும்போது வராதது மரமாக இருந்தால், வந்துவிடுவது உங்கள் பம்பராக இருக்கும்" என்றார்.

அன்று மாலை தொடங்கிய வேலை முடிய மூன்று மாதங்கள் ஆயின. அம்மூன்று மாதங்களில் அவர் எங்களுக்குக் கற்பித்ததைச் சுருங்கச் சொல்வோம்.

முதலாவது, பழைய பொருளைத் திறந்து பாராமல் நம்பலாகாது. வின்ச்சு நல்ல நிலையில் இருப்பதாகவே தோன்றிற்று. பாட்டரியில் இணைத்தபோது சுழலவும் செய்தது. ஆயினும் சுமையின்றிச் சுழல்வது சான்றாகாது என்று பெரியவர் அதைப் பிரிக்கச் செய்தார். பற்சக்கரப் பெட்டியில் கிரீஸ் மெழுகுபோல் இறுகி ஓரங்களில் ஒதுங்கியிருந்தது. பற்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் ஒரு துளியும் இல்லை. மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. பிரேக்கின் உராய்வுத் தகடுகளில் எண்ணெய் ஊறியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, புதிய கிரீஸ் இட்டு, பிரஷ்களையும் தகடுகளையும் எண்ணெய் முத்திரை வளையங்களையும் மாற்றினோம். மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சாலனாய்டுகள் நான்கையும் மாற்றினோம். பல வின்ச்சுகளின் பிரேக்கு ஒரு திசையில்தான் சுமையைப் பிடிக்கும். வடத்தைத் தவறான பக்கமாகச் சுற்றிவிட்டால் இழுக்கும் வேலை நடப்பதுபோல் தோன்றும். நிறுத்தும் வேலை நடவாது. ஆதலால் உருளை சுழலும் திசையைக் குறித்துவைத்த பின்னரே அனைத்தையும் மீண்டும் கோத்தோம்.

இரண்டாவது, வண்டியின் அடிச்சட்டம். பட்டறையில் இதைச் சேசிஸ் என்பர். இழுவை முழுவதையும் ஏற்க வேண்டியது அதுவே. ஐம்பதாண்டுச் சட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கலாம் அன்றோ? அதை அறியப் பெரியவர் ஓர் எளிய சோதனை காட்டினார். இரும்பைத் தேய்த்துத் துப்புரவாக்கி மண்ணெண்ணெய் தடவினார். சிறிது நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவினார். வெடிப்பினுள் புகுந்திருந்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெண்பொடியின்மேல் கறுத்த கோடாகப் படர்ந்தது. முன் ஸ்பிரிங் தாங்கியின் அருகே விரல் நீளத்திற்கு ஒரு கோடு! அதை நாங்கள் கண்ட அன்று நண்பரின் முகம் வாடிற்று. தந்தையார் இத்தனை ஆண்டுகள் அவ்வெடிப்போடே ஓட்டினாரோ என்ற கலக்கம். வெடிப்பின் இரு முனைகளிலும் துளையிட்டு, அது மேலும் ஓடாதவாறு தடுத்து, தேர்ந்த வெல்டரைக்கொண்டு பற்றவைத்து, மேலே தகடு பொருத்தினோம். வின்ச்சு வாங்கியிராவிடில் அவ்வெடிப்பை எவரும் பார்த்திருக்க மாட்டோம்.

மூன்றாவது, எடையின் கணக்கு. வின்ச்சு ஏறத்தாழ 50 கிலோ, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் 25 கிலோ, ஆகமொத்தம் 75. இதை முன் அச்சுக்கு 40 சென்டிமீட்டர் முன்னால் தொங்கவிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஜீப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம், அதாவது ஏறத்தாழ 200 சென்டிமீட்டர். தராசின் நெம்புகோல் முறைப்படி முன் அச்சின்மேல் கூடும் பாரம் 75 அன்று, 90 கிலோ. பின் அச்சிலிருந்து 15 கிலோ குறைகிறது. முன் ஸ்பிரிங் பட்டைகள் தாழ்கின்றன. பின் சக்கரத்தின் பிடி குறைகிறது. அன்றியும் நிமிர்ந்த மோட்டார் ரேடியேட்டரின் முன்னே நின்று காற்றை மறைக்கிறது. ஆண்டில் இருமுறை பயன்படும் பொருளுக்காக ஆண்டு முழுவதும் இத்துன்பம் ஏன் என்ற கேள்வி அப்போதே எங்கள் உள்ளத்தில் எழுந்தது.

நான்காவது, சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அதற்கு முன்னரே, 2017 டிசம்பரில், முகப்பில் பொருத்தும் முட்டுக் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. காரணம் வெளிப்படை. மோதலின்போது நசுங்கி அதிர்ச்சியை உள்வாங்க வேண்டிய முகப்பு, இரும்புக் கம்பியால் விறைத்துவிடுகிறது. எதிரே நடந்து வருபவருக்கும் அது கூற்றமாகிறது. மாரெட்பள்ளித் தெருக்களில் காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நடப்பர். வின்ச்சும் அதன் கொக்கியும் நீட்டிக்கொண்டிருக்கும் உயரம் சரியாக ஒரு சிறு குழந்தையின் மார்பு உயரம் என்பதை நாங்கள் அளந்து பார்த்து அறிந்தோம்.

இவை எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, வின்ச்சை நிலையாகப் பொருத்தும் எண்ணத்தைக் கைவிட்டோம். அதற்கு மாறாக, கழற்றி மாட்டும் தொட்டில் ஒன்று செய்தோம். வண்டியின் முன்னும் பின்னும் இரு சேசிஸ் சட்டங்களையும் குறுக்கே இணைக்கும் 6 மில்லிமீட்டர் தகட்டு விட்டம். அதன் நடுவே இரண்டு அங்குலச் சதுரக் குழாய் நுழையும் கூடு. அது பம்பருக்கு அப்பால் ஒரு விரற்கடையும் நீளாது. வின்ச்சு தன் தொட்டிலோடு வண்டியின் உள்ளே, தாழ்வாக, பட்டையால் கட்டப்பட்டுக் கிடக்கும். தேவை நேரும்போது இருவர் தூக்கி முன்னோ பின்னோ கூட்டில் செருகிக் குறுக்கூசியை இடுவர். நேராக இழுப்பதற்கே இவ்வமைப்பு ஏற்றது. பக்கவாட்டில் வளைத்து இழுத்தால் குழாய் முறுகும். இதையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிந்த பின்னரே செய்தோம். அன்பர்களும் தத்தம் ஊரில் அவ்வாறே கேட்டறிந்து செய்வது நலம்.

போல்ட்டுகளைப் பற்றி ஒரு சொல். அதன் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும் என்றார் பெரியவர். முதல் எட்டு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் விசையை அறுபடாமல் தாங்கும் என்பதைக் குறிக்கும். புள்ளிக்குப் பின்வரும் எட்டு, அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை நிலையாக நீளாமல் நிற்கும் என்பதைக் குறிக்கும். எண் பொறிக்காத போல்ட்டு மலிவாகக் கிடைக்கும். அதன் வலிமை எவருக்கும் தெரியாது. பெட்டி வடிவான சட்டத்தில் போல்ட்டை இறுக்கும்போது சட்டம் நசுங்காதபடி உள்ளே குழாய்த் துண்டுகளையும் வைத்தோம்.

ஐந்தாவது, மின்சாரம். முழுச் சுமையில் இத்தகைய வின்ச்சு 12 வோல்ட்டில் 400 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் உறிஞ்சும். எங்கள் ஜீப்பின் ஆல்ட்டர்னேட்டர் தருவதோ 35 ஆம்பியர். ஒரு நிமிடம் இழுத்தால் செலவாகும் மின்சாரத்தைத் திரும்ப நிரப்ப எஞ்சின் பன்னிரண்டு நிமிடங்கள் ஓட வேண்டும் என்பது இதிலிருந்து புலனாகும். ஆகவே சிறிது இழுத்து, நெடிது ஆறவிடுவதே முறை. கம்பிகள் விரற்பருமனாகவும் இயன்றவரை குறுகியனவாகவும் இருத்தல் வேண்டும். எதிர்முனைக் கம்பியை வண்டியின் உடலில் இணைத்துவிடாமல் பாட்டரிக்கே நேராகக் கொண்டு சேர்த்தோம். பாட்டரியின் அருகே கைக்கு எட்டுமாறு, மின்னோட்டம் முழுவதையும் துண்டிக்கும் பெரிய சுவிட்சு ஒன்றையும் பெரியவர் வைக்கச் சொன்னார். அதன் விலையைக் கேட்டு நாங்கள் தயங்கினோம். "இதுதான் உங்கள் முட்டுக்கட்டை" என்றார் அவர். வாங்கினோம்.

இவ்வளவும் கேட்ட நாங்கள் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. வின்ச்சோடு வந்த வடம் 8 மில்லிமீட்டர்ப் பருமனுள்ள உருக்குக் கம்பி வடம். அத்தகைய வடம் புதியதாயின் அறுபட நான்கு டன்னுக்கு மேற்பட்ட இழுவை தேவைப்படும். எங்கள் வடத்தின் மேற்புறம் எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. மாற்றிவிடுங்கள் என்று பெரியவர் இருமுறை சொன்னார். செலவு ஏற்கெனவே மிகுந்துவிட்டது. சோதனை முடியட்டும், பின்னர் மாற்றுவோம் என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "சரி, ஆனால் சோதனை நான் சொல்கிறபடி நடக்க வேண்டும்" என்றார்.

நகருக்கு வெளியே பாறைகள் சூழ்ந்த திடல் ஒன்றில் சோதனை நடந்தது. எங்கள் ஜீப்பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்தி, சரிவில் நின்ற மற்றொரு ஜீப்பை மேலே இழுப்பது ஏற்பாடு. பெரியவர் வடத்தின் நடுவில் நனைத்த சாக்குகள் இரண்டைப் போட்டார். எங்கள் ஜீப்பின் பானெட்டைத் திறந்து நிறுத்தினார். வடம் எவ்வளவு நீளமோ அவ்வளவு தொலைவுக்கு அனைவரையும் விலகச் சொன்னார். வேடிக்கை பார்க்க வந்திருந்த நண்பரின் பத்து வயது மகன் உருளை சுற்றுவதைக் காண வண்டியின் அருகிலேயே நின்றான். அவனைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று ஒரு பாறைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வந்தார்.

இழுக்கத் தொடங்கினோம். வடம் விறைத்தது, கீழே நின்ற ஜீப் ஓரடி அசைந்தது. மறுகணம் துப்பாக்கி வெடித்தாற்போல் ஓர் ஒலி. வடம் அறுந்துவிட்டது. அறுந்த முனைகளுள் ஒன்று சாக்கையும் இழுத்துக்கொண்டு வந்து பானெட்டில் மோதி, விரற்கிடை ஆழத்திற்குப் பள்ளம் செய்து விழுந்தது. சிறுவன் நின்றிருந்த இடத்திற்கும் அப்பள்ளத்திற்கும் இடையே ஒரு முழம் இருக்கலாம்.

எவரும் பேசவில்லை. சிறுவனின் தந்தை பாறைக்குப் பின்னால் சென்று நெடுநேரம் கழித்தே மகனோடு வந்தார். பெரியவர் அறுந்த முனையை எடுத்துப் பிரித்துக் காட்டினார். வெளியிழைகள் பளபளத்தன; உள்ளிழைகள் துருவேறிப் பொடியாய் உதிர்ந்தன. கடற்கரை நாட்டு உப்புக் காற்று எத்தனை ஆண்டுகளுக்கு முன்பே உள்ளே புகுந்ததோ! ஆயிரம் கண்ணிகள் வலுவாக இருந்தும் ஒரு கண்ணி தளர்ந்தால் சங்கிலி முழுவதும் தளர்ந்ததே. அவர் எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய தண்டனையாயிற்று.

மறுநாளே புதிய வடம் வாங்கினோம். அதனோடு தோல் கையுறைகள், மரத்தைச் சுற்றும் அகன்ற பட்டை, ஷாக்கிள் வளையங்கள், திறந்து மூடும் கப்பி ஒன்று ஆகியவற்றையும் வாங்கினோம். மெல்லிய கம்பியை மரத்தில் நேராகச் சுற்றினால் அது பட்டையை அறுத்து மரத்தையே கொன்றுவிடும். நம்மைக் காப்பாற்றிய மரத்திற்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவன்று.

இனி, வின்ச்சின் வலிமையைப் பற்றிப் பலர் அறியாத செய்தி ஒன்று. தகட்டில் பொறித்த எண், உருளையில் ஒரே ஓர் அடுக்கு வடம் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். உருளையின் விட்டம் 64 மில்லிமீட்டர், வடத்தின் பருமன் 8 என்று கொள்வோம். அடுக்குகள் ஏற ஏற உருளை பருக்கிறது. பருக்கப் பருக்க இழுவை குறைகிறது. முதல் அடுக்கில் 3,630 கிலோ இழுப்பது இரண்டாம் அடுக்கில் ஏறத்தாழ 2,970 ஆகும். மூன்றாம் அடுக்கில் 2,510. நான்காம் அடுக்கில் 2,180. ஆகவே வடத்தை இயன்ற அளவு நீளமாக வெளியே விட்டு இழுப்பதே அறிவுடைமை. ஆயினும் உருளையில் ஐந்து சுற்றேனும் எஞ்சியிருத்தல் வேண்டும்; முனையைப் பிடித்திருக்கும் சிறு திருகு தனியே சுமை தாங்காது.

மழைக்காலத்தில் விகாராபாத்துக்கு அப்பால் கரிசல் நிலத்தில் எங்கள் ஜீப் புதைந்தபோது இக்கணக்கு உயிர் பெற்றது. ஆட்களும் சுமையும் சேர்ந்து 1,500 கிலோ. சக்கரம் புதையும் ஆழத்திற்குச் சேறு இருந்தால் வண்டியின் எடைக்கு ஈடான இழுவை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இருமடங்கு வேண்டும். அதற்கும் மேலே போனால் மும்மடங்கு. இது படையினர் கையாளும் கணக்கு. எங்கள் வண்டி மட்கார்டு வரை புதைந்திருந்தது. தேவை 3,000 கிலோ. முப்பது மீட்டருக்கு அப்பால் ஒரு புளிய மரம் நின்றது. அதை நேரே இழுத்தால் வின்ச்சு தன் எல்லையில் நின்று திணறும். ஆகவே மரத்தில் பட்டை கட்டி, அதில் கப்பியை மாட்டி, அருகில் இருந்த வயற்காரரிடம் வாங்கிய சங்கிலியால் இடைவெளியைக் குறைத்து, வடத்தை மடக்கிக் கொண்டுவந்து கொக்கியை ஜீப்பின் சேசிஸிலேயே மாட்டினோம். இழுவை ஏறத்தாழ இருமடங்காயிற்று, வேகம் பாதியாயிற்று. அப்போது மரம் வடத்தின் இழுவையைப் போல் இருமடங்கு தாங்குகிறது என்பதையும் மறத்தலாகாது.

அங்கும் எங்கள் அவசரம் ஒரு பாடம் கற்பித்தது. இருட்டிவிடுமே என்று ஆறவிடாமல் இழுத்துக்கொண்டே இருந்தோம். பாட்டரி தளர்ந்தது, மின்னழுத்தம் குறைந்ததால் சாலனாய்டின் தொடுமுனைகள் அதிர்ந்து பொறி பறந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பொத்தானை விட்ட பின்னும் வின்ச்சு நிற்கவில்லை! சேற்றிலிருந்து மீண்ட ஜீப் மரத்தை நோக்கி ஊர்ந்துகொண்டே சென்றது. எங்களுள் ஒருவர் ஓடிச் சென்று, விலை அதிகம் என்று நாங்கள் தயங்கிய அப்பெரிய சுவிட்சைத் திருப்பினார். வின்ச்சு நின்றது. எங்கள் மூச்சு திரும்பிற்று.

அன்பர்களே, இத்தகைய பொறி வெறும் பொழுதுபோக்கன்று. 2018-ஆம் ஆண்டில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபோது, மலைப்பாதைகளில் பொழுதுபோக்காக வண்டி ஓட்டி வந்தவர்கள் தம் ஜீப்புகளோடு மீட்புப் பணியில் இறங்கினர். புதைந்த வண்டியை மீட்கவும், விழுந்த மரத்தைப் பாதையினின்று அகற்றவும் வின்ச்சு துணை செய்யும். ஆனால் துணை செய்யச் சென்றவர் தாமே விபத்துக்குக் காரணமாதல் தகாது. ஆதலின் பழைய வின்ச்சைப் பொருத்த விரும்பும் அன்பர்களுக்கு நாங்கள் கூறுவது இதுவே: திறந்து பாருங்கள், சேசிஸைச் சோதியுங்கள், வடத்தை மாற்றுங்கள், துண்டிக்கும் சுவிட்சை வையுங்கள், இழுக்கும்போது வடத்தைத் தாண்டாதீர்கள், பிள்ளைகளை அருகில் நிறுத்தாதீர்கள்.

இன்றும் அந்த ஜீப் மாரெட்பள்ளியில் வேப்ப மர நிழலில் நிற்கிறது. பானெட்டிலுள்ள பள்ளத்தைத் தட்டி நிமிர்த்திச் சாயம் பூசிவிடலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். நண்பர் வேண்டாம் என்றுவிட்டார். வண்டியை எடுக்கும் ஒவ்வொரு காலையிலும் அது எங்கள் கண்ணில் படுகிறது. அந்தப் பெரியவரின் முதற் கேள்வி அப்போதெல்லாம் காதில் ஒலிக்கிறது: எது இதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?